பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு மணிச்சத்து எடுப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்பேட்டைக் கரைக்கிற நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா பாக்கெட் ஒன்றை வாங்கி வயலில் தூவிவிட்டால் மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ் சத்து) போடுகிற டிஏபி உர மூட்டையே தேவையில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதில் பாதிதான் உண்மை. பாக்டீரியா வேலை செய்யும், ஆனால் பட்டினி கிடந்து செய்யாது. அதற்குத் தின்ன ஏதாவது வேண்டும், கரைக்க ஒரு கல் வேண்டும், ஈரம் வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் அவகாசம் வேண்டும். இந்த நாலையும் ஒரே குவியலில் சேர்த்து, மலிவான ராக் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறை) தூளைப் பயிர் எடுத்துக்கொள்ளும் உரமாக மாற்றும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நானே மூன்று முறை குவியல் போட்டு, முதல் முறை முழுசாகக் கெடுத்து, பிறகு கற்றுக்கொண்டது.

அதற்கு முன்னால், ஆலையில் இதே வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு பார்வை. பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற பாஸ்பேட் பாறை தண்ணீரில் கரையாது. 1842ல் ஜான் பென்னட் லாஸ் என்ற ஆங்கிலேயர் அதில் கந்தக அமிலத்தை ஊற்றினால் கரையும் உரமாகிவிடுகிறது என்று காப்புரிமை வாங்கினார், சூப்பர் பாஸ்பேட் பிறந்தது. இன்றைக்கும் அடிப்படை அதேதான். டிஏபிக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலமும் பாறை மேல் கந்தக அமிலம் ஊற்றித்தான் வருகிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு டன் மணிச்சத்து அமிலமாக வெளியே வரும்போது கூடவே சுமார் ஐந்து டன் பாஸ்போ ஜிப்சம் வந்து விழுகிறது. பாறையில் இருந்த ரேடியத்தில் பெரும்பகுதி அதில்தான் தங்குகிறது, கொஞ்சம் ஃபுளோரைடும் இருக்கும், அமிலம் ஊறிய ஈரமும் இருக்கும். நம் ஊரில் இதில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்கும் களர் நிலத்துக்கும் போய்விடுகிறது. மிச்சம் மேடாக நிற்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த மேடுகள் குன்று மாதிரி நிற்கின்றன. அங்கே பைனி பாயிண்ட் என்ற இடத்தில் மேட்டின் மேலிருந்த கழிவுநீர்த் தேக்கம் கசிந்து, அது உடைந்துவிடும் என்ற பயத்தில் 2021 ஏப்ரல் வாக்கில் சுமார் 21.5 கோடி காலன் தண்ணீரை டாம்பா வளைகுடாவில் திறந்துவிட்டார்கள்.

நுண்ணுயிர்கள் செய்வதும் அமிலம் ஊற்றும் வேலைதான். ஊற்றுகிற அமிலம் வேறு, அளவு சின்னது, அவ்வளவே. பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளும் சர்க்கரையைத் தின்று குளுக்கோனிக், சிட்ரிக், ஆக்ஸாலிக் என்று விதவிதமான அமிலங்களை வெளியே விடுகின்றன. இந்த அமிலம் பாறையைக் கரைக்கிறது. அதோடு நிற்காமல், பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிற கால்சியத்தைத் தன் பக்கம் கட்டிப்போட்டும் விடுகிறது, அதனால் பாஸ்பேட் விடுபட்டு நிற்கிறது. 1948ல் பிகோவ்ஸ்கயா என்ற சோவியத் ஆய்வாளர் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி எழுதினார். வெள்ளையாகக் கலங்கிய கால்சியம் பாஸ்பேட் கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் நுண்ணுயிரை வளர்த்தால், வேலை தெரிந்த நுண்ணுயிரைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் தெளியும். நம் அரசாங்கத் தர விதியில் பாஸ்போபாக்டீரியாவுக்கு இன்றைக்கும் அந்த வட்டம் குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். 18 சதம் மணிச்சத்து உள்ள ராக் பாஸ்பேட் 100 கிலோ எடுத்தால் அதில் 18 கிலோ மணிச்சத்து. அதை முழுசாகக் கரைக்கத் தேவையான அமிலத்தைக் குளுக்கோஸிலிருந்து குளுக்கோனிக் அமிலமாகவே செய்தால், தோராயமாக நூறு கிலோவுக்கு மேல் சர்க்கரை ஆகும். பாறையோடு சேர்ந்து வரும் சுண்ணாம்பு தின்கிற அமிலம் இதில் சேரவில்லை. சரி, பாதி கரைந்தால் போதும் என்று வைத்தாலும் ஐம்பது கிலோ. ஆகவே "ஒரு கைப்பிடி வெல்லம், ஒரு பாக்கெட் பாக்டீரியா, ஒரு மூட்டை பாறைத் தூள்" என்று ஊர் ஊராகச் சுற்றுகிற செய்முறை ஏன் ஒன்றுக்கும் ஆவதில்லை என்று தெரிகிறதா? சர்க்கரைக்கு நாம் எங்கே போவது. வைக்கோல், சோளத்தட்டை, களை, சாணம், இலைதழை இதெல்லாம் சர்க்கரைச் சங்கிலிதான். மக்கும்போது வேறு நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கும், நம் பாக்டீரியா அதில் பங்கு கேட்கும். அதனால்தான் கல்லைவிடக் குப்பை பல மடங்கு இருக்க வேண்டும்.

பாறைத் தூள் வாங்கும்போது

உத்தரகாண்டின் முசோரி, ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ரா, இந்த இரண்டு ஊர்ப் பெயரும் இந்தியாவில் ராக் பாஸ்பேட் என்றாலே அடிபடும். மூட்டையில் மணிச்சத்து எத்தனை சதம் என்று அச்சடித்திருக்க வேண்டும், 18க்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். அதைவிட முக்கியம் நைசு. விதிப்படி பத்தில் ஒன்பது பங்கு 0.15 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுக்க வேண்டும், நறநறவென்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அமிலம் கல்லின் மேல்தோலைத்தான் தொடும். கல் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு தோல்.

இன்னொரு சின்னச் சோதனை: ஒரு சிட்டிகை தூளில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். லேசாக நுரைத்தால் பரவாயில்லை, நம் ஊர்ப் பாறைகளில் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கத்தான் செய்யும். சோடா பாட்டில் மாதிரி பொங்கினால் அது பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள், நீங்கள் பாடுபட்டு உண்டாக்குகிற அமிலத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு எப்பாவல பாஸ்பேட் தெரிந்திருக்கும். அனுராதபுர மாவட்டத்தில் 1971ல் கண்டுபிடிக்கப்பட்ட படிவு. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அதைத் தூளாகவே போடுகிறார்கள். மலைநாட்டு மண் புளிப்பானது, அந்தப் புளிப்பே மெதுவாகக் கரைத்துவிடும், நீண்ட காலப் பயிருக்கு அவசரமும் இல்லை. ஆனால் அந்தப் பாறை எரிமலைக் குழம்பு வழி வந்த அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம், கரைவது ரொம்பக் கஞ்சம். நெல்லுக்கோ மிளகாய்க்கோ யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் அதை அப்படியே தூவினால் தூவினது தூவினபடி கிடக்கும். இந்தக் குவியல் முறை அங்கேதான் அதிகம் தேவைப்படும். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி புளிப்பு மண்காரர்களுக்கு நான் சொல்வது: இவ்வளவு மெனக்கெட வேண்டாம், தூளை மட்கிய உரத்தோடு கலந்து நேராகப் போட்டாலே மண் பார்த்துக்கொள்ளும்.

பாறைத் தூள் கிடைக்கவில்லையென்றால் எலும்புத் தூள். அதுவும் கால்சியம் பாஸ்பேட்தான், பாறையைவிடச் சீக்கிரம் கரையும், விலைதான் ஏறும். நாய்த் தொல்லையும் சேர்ந்து ஏறும்.

பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா

வேளாண் விரிவாக்க மையத்தில் பாக்கெட்டாகவும் பாட்டிலாகவும் கிடைக்கும். தயாரித்த தேதி பாருங்கள். தூளோடு கலந்து வருகிற பாக்கெட்டுக்கு ஆறு மாதம், திரவத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது வழக்கமான கணக்கு, ஆனால் அது நிழலில் வைத்திருந்தால். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் பூச்சிமருந்துப் பெட்டியோடு அடுக்கி வைத்திருந்த பாக்கெட்டுக்கு எந்தத் தேதியும் செல்லாது. நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு கடையில்தான். தேதி சரியாக இருந்தது, உள்ளே உயிர்தான் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், வெல்லத் தூள் 5 கிராம், ராக் பாஸ்பேட் இரண்டரை கிராம், கிடைத்தால் ஒரு துளியூண்டு அம்மோனியம் சல்பேட். இது பிகோவ்ஸ்கயா கலவையின் ஏழை வீட்டுப் பதிப்பு. ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி பாஸ்போபாக்டீரியா விடுங்கள், மற்றதில் அதே பாக்டீரியாவைக் கொதிக்கவைத்து ஆற்றி விடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வைத்து, போகவர இருக்கும்போதெல்லாம் குலுக்குங்கள். காற்று இல்லாவிட்டால் சூடோமோனாஸ் வகையறா மூச்சு முட்டிப்போகும். ஐந்தாறு நாள் கழித்து பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள் (பிஎச் 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்). உயிருள்ள பாட்டில் 4, 5 பக்கம் இறங்கியிருக்கும், மற்றது அவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது. கொதித்த பாட்டிலும் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், துணி வழியே காட்டு நுண்ணுயிர்கள் புகுந்திருக்கலாம். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பிஎச் இறங்கினால் அமிலம் வந்திருக்கிறது, கல் கரைந்ததா என்று தெரியாது. அதற்கு மீன் தொட்டிக் கடையில் பாஸ்பேட் டெஸ்ட் கிட் விற்கிறார்கள், சொட்டு மருந்து விட்டால் நீலமாகும். பாட்டில் தண்ணீரைத் தெளியவைத்து, மேல் தெளிவை ஐம்பது மடங்கு நல்ல தண்ணீர் சேர்த்துப் பிறகு சோதியுங்கள், நேராக விட்டால் நிறம் அட்டையையே தாண்டிப் போய்விடும். பாத்திரத்தைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள், சில சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கும்.

குவியல்

நான் போடுகிற அளவு இது: பாதி காய்ந்த சாணம் 400 கிலோ, பயிர்க்கழிவு 400 கிலோ, ராக் பாஸ்பேட் 100 கிலோ, பழைய மட்கிய எரு 50 கிலோ. பயிர்க்கழிவில் பாதி காய்ந்தது, பாதி பச்சை. காய்ந்ததற்கு வைக்கோல், கரும்புத் தோகை, சோளத்தட்டை எது கிடைக்கிறதோ அது. பச்சைக்கு நான் கிளைரிசிடியா மரத் தழையை வெட்டிப் போடுவேன். நீளமாகக் கிடப்பதை ஒரு சாண் அளவுக்கு நறுக்குங்கள். நறுக்காமல் போட்டால் இரண்டாவது திருப்பலில் உங்கள் முதுகே சொல்லும், ஏன் நறுக்கவில்லை என்று.

நிழலான, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். நாலடி அகலம், எட்டடி நீளம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தட்டை, அதன்மேல் சாணக்கரைசல், அதன்மேல் ராக் பாஸ்பேட் தூவல், அப்புறம் மறுபடி தட்டை என்று அடுக்கிக்கொண்டே போங்கள். தூளை வெறும் தூளாகத் தூவினால் பாதி காற்றில் போகும், மீதி உங்கள் நெஞ்சுக்குள் போகும். அதனால் சாணக்கரைசலிலேயே தூளைக் கலந்து கூழாக்கி ஊற்றுங்கள். எருமை மாட்டின் மேல் சேறு பூசின மாதிரி ஒவ்வொரு தட்டையிலும் அது ஒட்ட வேண்டும், ஏனென்றால் அமிலம் உண்டாகிற இடத்திலேயே கல் இருந்தால்தான் கரையும். மூட்டையைத் திறக்கும்போது மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். நாலடி உயரம் வந்ததும் மேலே மண்ணும் பழைய எருவும் தூவி, தென்னங்கீற்று போட்டு மூடுங்கள்.

ஈரம் எவ்வளவு? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வரவில்லையென்றால் குறைவு. காய்ந்த தட்டை ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும், முதல் நாள் ஊற்றியது போதும் என்று தோன்றும், மறுநாள் போய்ப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடக்கும்.

இங்கேதான் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். அடுக்கும்போதே பாஸ்போபாக்டீரியாவை ஊற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாளிலேயே குவியலின் நடுப்பகுதி 55, 60 டிகிரிக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் சூடோமோனாஸ் வெந்துபோகும். பேசில்லஸ் வித்தாகச் சுருண்டு உயிர் பிழைக்கும்தான், ஆனால் அதுவரை அது செய்கிற வேலை பெரிதாக ஒன்றுமில்லை. குவியல் சூடாவது நல்லதுதான், களை விதையும் நோய்க்கிருமியும் அதில் சாகும், கடினமான நாரும் உடையும். நம் விருந்தாளியை அடுப்பு அணைந்த பிறகு கூப்பிட்டால் போதும்.

குவியலின் நடுவில் ஒரு கடப்பாரையைச் செருகி வையுங்கள். தினம் உருவி, உள்ளே இருந்த பகுதியைப் பிடித்துப் பாருங்கள். கையை வைக்க முடியவில்லையென்றால் இன்னும் சூடு. 15ஆம் நாள் ஒருமுறை வெளியே இருப்பது உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள், திரும்பச் சூடேறும். 25, 30 நாள் வாக்கில் கடப்பாரையைச் சும்மா பிடித்துக்கொண்டு பேசலாம் என்ற அளவுக்கு ஆறியிருக்கும். அன்றைக்குத்தான் பாக்டீரியா.

அதற்கு முந்தின நாள் மாலை இருபது லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ வெல்லம் கரைத்து, பாஸ்போபாக்டீரியா திரவம் அரை லிட்டரோ 200 கிராம் பாக்கெட் ஐந்தோ போட்டு, குச்சியால் அடிக்கடி கலக்கி வையுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மறுநாள் குவியலைத் திருப்பும்போதே பூவாளியால் எல்லாப் பக்கமும் தெளித்துக்கொண்டே வாருங்கள், மேலே மட்டும் ஊற்றி முடித்துவிடக் கூடாது. இந்த வெல்லம் கல்லைக் கரைக்க அல்ல, பாக்டீரியாவுக்குப் பயணச் சோறு, அவ்வளவே. சர்க்கரை ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கழிவுப்பாகு மலிவாகக் கிடைத்தால், ஒவ்வொரு திருப்பலிலும் தண்ணீரில் கரைத்துத் தாராளமாகவே விடலாம், அது உண்மையிலேயே அமிலமாகும்.

பிறகு 45, 60ஆம் நாள்களில் திருப்பல். காற்று போக வேண்டும், ஈரம் காயக் கூடாது. மழைக்காலமாக இருந்தால் தார்ப்பாயை நாலு குச்சி நட்டு உயரத்தில் கட்டுங்கள், குவியல் மேலேயே இறுக்கிப் போர்த்தினால் மூச்சடைத்து நாற ஆரம்பிக்கும்.

சாம்பல், சுண்ணாம்பு இரண்டையும் இந்தக் குவியல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வீட்டு எருக்குழியில் அடுப்புச் சாம்பல் போட்டுப் பழகிய கை, தானாகவே போகும். என் முதல் குவியலில் அம்மா மூன்று அன்னக்கூடை சாம்பலைப் பாசத்தோடு கொட்டியிருந்தார். சாம்பல் சத்து கிடைக்குமே என்றுதான். உண்டான அமிலமெல்லாம் அந்தக் காரத்தோடு சண்டை போட்டே தீர்ந்துபோனது, செத்துப்போன பாக்கெட்டும் சேர்ந்துகொண்டதால் மூன்று மாதம் கழித்துக் குவியலைப் பிரித்தால் வெள்ளைத் தூள் போட்ட இடத்தில் போட்டபடி கோடு கோடாக இருந்தது.

தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? 75, 90 நாளில் கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசம் வர வேண்டும், வைக்கோலை இழுத்தால் அறுபட வேண்டும். வெள்ளைத் துகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பிஎச் அந்த நேரத்தில் 7 பக்கம் திரும்பியிருக்கும், அதைப் பார்த்து வேலை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், உண்டான அமிலத்தை மற்ற நுண்ணுயிர்கள் தின்றுவிட்டன. விடுபட்ட மணிச்சத்தில் ஒரு பங்கு நுண்ணுயிர்களின் உடம்பிலும், ஒரு பங்கு சுலபமாகக் கரையும் வேறு கால்சியம் பாஸ்பேட்டாகவும் இருக்கும். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதாக இருந்தால் "மொத்த மணிச்சத்து" மட்டும் கேட்காதீர்கள், அது கல்லையும் சேர்த்து எண்ணிவிடும். சிட்ரேட் கரைசலில் கரையும் மணிச்சத்து, அதாவது பயிருக்கு எட்டுகிற பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். நம் உழைப்பு தெரிவது அந்த எண்ணில்தான்.

கடையில் "ப்ராம்" என்று விற்கிற பாஸ்பேட் செறிந்த அங்கக உரமும் இந்த வகைதான். விதிப்படி அதில் குறைந்தது 10.4 சதம் மணிச்சத்து இருக்க வேண்டும். நம் குவியலில் மூன்று சதம் வந்தாலே பெரிது. எண்ணைப் பார்த்து ஏக்கப்பட்டு ராக் பாஸ்பேட்டை மூன்று மடங்காக்க வேண்டாம். கல் கூடும், சோறு கூடாது, கரைகிற பங்கு இன்னும் குறையும். மொத்தச் சதத்தில் அதிகமாகத் தெரிகிற உரத்தைவிடக் கரைகிற பங்கு அதிகமான உரமே எனக்கு வேண்டும்.

கந்தக வழி

கரிசல் காட்டுக்காரர்கள், பிஎச் 8க்கு மேல் இருக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம். மண்ணில் கந்தகத்தைத் தின்று கந்தக அமிலத்தையே உண்டாக்குகிற பாக்டீரியா இருக்கிறது. ஆலைக்காரர் லாரியில் கொண்டுவருகிற அதே அமிலத்தை இது இடத்திலேயே காய்ச்சுகிறது. 1916லேயே நியூ ஜெர்சியில் லிப்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் மண், கந்தகம், பாறைத் தூள் மூன்றையும் கலந்து மக்கவைத்துக் கரைத்துக் காட்டினார்கள். அந்த பாக்டீரியாவை 1922ல் அடையாளம் காட்டியவர்களில் ஒருவர் வாக்ஸ்மன், பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் வாங்கினாரே, அவரேதான். 1970களில் ஆஸ்திரேலியாவில் இதை "பயோசூப்பர்" என்று உருண்டையாகவே செய்து பார்த்தார்கள்: பாறைத் தூள் ஐந்து பங்குக்குக் கந்தகம் ஒரு பங்கு, கூட பாக்டீரியா.

வீட்டுக்கு: ராக் பாஸ்பேட் 50 கிலோ, கந்தகத் தூள் 10 கிலோ, மட்கிய எரு 100 கிலோ, தோட்டத்து மேல்மண் 50 கிலோ. நனைத்து, நிழலில் இரண்டடிக் குவியலாக வைத்து, வாரம் ஒருமுறை கிளறி, இரண்டு மூன்று மாதம். கந்தகம் தின்கிற பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை. இதைப் பெரிய குவியலோடு கலக்காதீர்கள், பிஎச் மடமடவென்று இறங்கி மற்ற உயிர்களுக்கு ஆகாமல் போகும். நெருப்புப் பொறி பக்கத்தில் கந்தகத் தூளைக் கொட்டவும் வேண்டாம், பற்றிக்கொள்ளும். இந்த வழியிலும் ஜிப்சம் உண்டாகத்தான் செய்யும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது மேடாக ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கே போகிறது, கடலைக்காரருக்கு அது லாபம்.

வயலில் போடுவது

மானாவாரிக்கு ஊட்டமேற்றிய தொழு உரம் (நம் குவியல் மாதிரி மணிச்சத்து சேர்த்து மக்கவைத்த எரு) எக்டேருக்கு 750 கிலோ என்று பரிந்துரை உண்டு, ஏக்கருக்கு 300 கிலோ. மக்கியபின் நம் குவியல் 600 கிலோ பக்கம் நிற்கும், இரண்டு ஏக்கருக்கு வரும். கணக்கு போட்டால் ஏக்கருக்குப் பாறையிலிருந்து 9 கிலோ மணிச்சத்து. மானாவாரி உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ என்பது பரிந்துரை, பார்க்கப் பொருந்துகிற மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் முதல் பருவத்தில் அந்த 9 கிலோவும் கைக்கு வராது. அதனால் முதல் வருடம் பரிந்துரையில் பாதியை வழக்கமான உரமாகவே கொடுங்கள், பூக்கும்போது தெளிக்கிற 2 சதம் டிஏபியையும் விட வேண்டாம். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து ஏறுவதைப் பார்த்து அடுத்த வருடம் குறைத்துக்கொள்ளலாம். ஒரே வீச்சில் டிஏபியை நிறுத்திவிட்டு விளைச்சல் விழுந்ததும் "இயற்கை உரம் ஏமாற்று வேலை" என்று திட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பரப்பித் தூவாமல் விதைச் சாலில் போடுங்கள். மணிச்சத்து மண்ணில் நடக்காது, வேர்தான் அதனிடம் போக வேண்டும். விதைக்குமுன் பாஸ்போபாக்டீரியாவை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைத்தால், வேர் முளைக்கும் இடத்திலேயே ஆள் இருக்கும். பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்த விதையென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசுங்கள்.

எந்தப் பயிருக்கு முதலில்? பயறு வகைக்கும் கடலைக்கும். அதிலும் துவரை தனி ரகம். செம்மண்ணில் இரும்பு பிடித்து வைத்திருக்கிற மணிச்சத்தைக்கூடத் துவரை வேர் பிசிடிக் அமிலம் கசியவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறது என்று ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1990ல் எழுதினார்கள். நம் பாட்டன்மார் கம்போடு துவரையை ஊடே விதைத்தது இதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பழக்கம் வீண்போகவில்லை. நெல்லில் நாற்றங்காலிலும் நடவு வயலிலும் போடலாம். தண்ணீர் கட்டியதும் மணிச்சத்து தானாகவே கொஞ்சம் விடுபடும் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பாறையில் இருக்கிற காட்மியம், ஃபுளோரைடு போன்றவற்றை நுண்ணுயிர் தின்றுவிடாது, அவை உரத்தோடு வயலுக்குத்தான் வரும். ஏக்கருக்கு 50 கிலோ பாறைத் தூள் என்கிற அளவில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வருடா வருடம் மூட்டை மூட்டையாகக் கொட்டாதீர்கள்.

மிஞ்சிய உரத்தைச் சாக்கில் கட்டி வெயிலில் வைக்காமல் நிழலில் குவித்து, ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள், மூன்று நாலு மாதம் தாங்கும். போட்ட வயலில் நாலு பாத்தியை மட்டும் இந்த உரம் போடாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுப்பின்போது இரண்டு பக்கத்து உளுந்தையும் தனித்தனியாக அடித்து எடை போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வருடம் எத்தனை மூட்டை ராக் பாஸ்பேட் வாங்குவது என்று நான் முடிவு செய்கிறேன்.